டோன்யா ஹார்டிங்: கதவைச் சாத்துவதா, திறப்பதா?

தலைகுந்தாவில் ஜனவரி விடியலில் புல்வெளி உப்புக் கொட்டியது போல் வெளுத்துக் கிடக்கும். அதில் ஒருமுறை செருப்போடு வழுக்கி விழுந்தேன். பனிச்சறுக்குக்கும் எனக்கும் அவ்வளவுதான் உறவு. ஆனாலும் ஊட்டி டீக்கடையில் வர்க்கியை நனைத்தபடி நண்பரும் நானும் அமெரிக்கப் பனிச்சறுக்கு நடன வீராங்கனை டோன்யா ஹார்டிங்குக்கு ஆயுள் தடை போட்டது சரியா என்ற வழக்கை விடுவதில்லை.

அவர் கட்சி, வாழ்நாள் தடை சரி. 1994 ஜனவரி 6, டெட்ராய்ட். பயிற்சி முடித்து வந்த, ஹார்டிங்கின் போட்டியாளர் நான்சி கெரிகனுக்கு முழங்காலுக்கு மேல் தடியடி. ஏற்பாடு செய்தவர்களில் ஹார்டிங்கின் முன்னாள் கணவரும் ஒருவர். "காலுதானே அந்தப் பொண்ணுக்குச் சோறு?" என்பார் நண்பர். எனக்கு வாயடைத்துவிடும்.

என் கட்சி, தண்டனைக்கு முடிவு வேண்டும். விசாரணைக்கு இடையூறு செய்ததாக ஹார்டிங் ஒப்புக்கொண்டார். 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 500 மணி நேரச் சமூக சேவை, 1,00,000 டாலர் அபராதம். அப்புறம் அமெரிக்கப் பனிச்சறுக்கு நடனச் சங்கம் அவருடைய அந்த ஆண்டின் தேசியப் பட்டத்தைப் பறித்து, ஆடவும் பயிற்சி தரவும் ஆயுளுக்கும் தடை போட்டது. அப்போது வயது 23. 1991-ல் போட்டியில் டிரிபிள் ஆக்செல் என்னும் மூன்றரைச் சுற்றுத் தாவலை முடித்த முதல் அமெரிக்கப் பெண் அவர்தான். ஆடத் தடை, சரி. அந்தத் தாவலைச் சிறுமிகளுக்குச் சொல்லித்தரவும் கூடாதென்பது எனக்கு ஒப்பவில்லை.

"உன் பொண்ணை அனுப்புவியா?" என்றார் நண்பர். டீ ஆறிவிட்டது.