பால் மறந்த முயல் குட்டிக்குக் குச்சித் தீவனமா, வேலிமசாலா?

கோபி பக்கம் எங்கள் தோட்டத்தில் நான்கு பெட்டை முயலும் ஒரு ஆண் முயலும் இருக்கின்றன. எல்லாம் நியூசிலாந்து வெள்ளை இனம். மாவை அழுத்திச் செய்த குச்சித் தீவனம், வேலிமசால் என்ற தீவனச் செடியின் தழை, இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன். நான் வேலிமசால் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குச்சித் தீவனத்தின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூட்டையைப் பிரித்துக் கிண்ணத்தில் போட்டால் வேலை முடிந்தது. பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்ன வழியில்லை, எடையும் சீக்கிரம் ஏறும். தழையில் முக்கால் பங்கு தண்ணீர். 50 கிராம் குச்சியில் கிடைப்பதைத் தழையில் எடுக்க, குட்டி கிட்டத்தட்ட 200 கிராம் மென்றாக வேண்டும்.

இத்தனை இருந்தும் நான் மாறியதற்கு ஒரே காரணம் கழிச்சல்.

தாய்ப்பால் நின்ற முதல் இரண்டு வாரம்தான் குட்டிக்குக் கண்டம். முயலின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரிய பை ஒன்று உண்டு, தீனி நொதிப்பது அங்கேதான். போதிய நார் போனால்தான் குடல் ஓடும். குட்டிக்கு மாவுச்சத்தைச் செரிக்கும் சக்தி முழுதாக வந்திருக்காது. செரிக்காத மாவு அந்தப் பைக்குள் இறங்கினால் கெட்ட கிருமிகள் பெருகிவிடும்.

எங்கள் முதல் ஈற்றில் ஏழு குட்டிகள். 30ஆம் நாள் பிரித்து, அன்றைக்கே வேறு கூண்டில் விட்டு, கிண்ணம் நிறையக் குச்சித் தீவனம் வைத்தேன். ஆசையாகத் தின்றன. நான்காம் நாள் பின்புறம் ஈரம், வயிறு உப்பல். மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தன. மூன்று போய்விட்டன. தீவனத்தைக் குறை சொல்ல மாட்டேன், அளவில்லாமல் கொட்டியது என் கை.

இப்போது 42 நாள் வரை பால் குடிக்க விடுகிறேன். பிரிக்கும்போது தாயைத்தான் வெளியே எடுப்பேன், குட்டிகள் பழகிய கூண்டிலேயே இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் வேலிமசால் அறுத்து, கயிற்றுக் கட்டிலில் பரப்பிவிட வேண்டும். குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும், அதுவும் கழிச்சல்தான். காலையில் வாடிய தழையைச் சிறு கட்டாகக் கூண்டுக்குள் தொங்கவிடுகிறேன். கீழே போட்டால் புழுக்கை பட்டு காக்ஸிடியா என்ற குடல் ஒட்டுண்ணி தொற்றும். கூடவே உடைத்த மக்காச்சோளம், கோதுமைத் தவிடு, கடலைப் புண்ணாக்கு, துளி தாது உப்பு கலந்து ஒரு சின்னப் பிடி. பொடியாகப் போட்டால் மூக்கில் ஏறித் தும்மும், தண்ணீர் தெளித்துப் பிசிறிக் கொடுங்கள். புண்ணாக்கில் பூஞ்சை வாடை அடித்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். வேலிமசால் கிடைக்கவில்லையென்று சூபாபுல் மரத் தழையை ஒடித்துப் போடவும் வேண்டாம், அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுப் பொருளால் முடி கொட்டும்.

இந்த வழியில் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கிறது. அந்த முதல் ஈற்றில் பிழைத்தவை 12 வாரத்தில் இரண்டு கிலோவைத் தொட்டன, இவை ஒன்றே முக்காலோடு நிற்கின்றன. ஆனால் அதற்குப் பிறகு பிரித்த மூன்று ஈற்றில் ஒரே ஒரு குட்டிதான் போனது. மூன்று ஈற்றை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்பதும் தெரியும். ஐம்பது தாய் முயல் வைத்திருப்பவருக்குத் தழை அறுத்துக் கட்டுப்படி ஆகுமா என்பதும் சந்தேகமே.

ஐப்பசி மழையில் தழை வாடாது. அந்த நாட்களில் நானும் குச்சித் தீவனத்துக்குத்தான் போகிறேன். ஒரு வாரம் இரண்டையும் கலந்து பழக்கி, நாளுக்கு 50 கிராமைத் தாண்டாமல், காய்ந்த புல்லும் வைத்து. அப்புறம், முயல் தீவனம் இல்லையென்று கடைக்காரர் கோழித் தீவனத்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் சேர்க்கும் சாலினோமைசின் போன்ற மருந்துகள் முயலுக்கு விஷம்.

கூண்டுக்கு அடியில் ஒரு தகரம் போட்டு வைத்திருக்கிறேன். நல்ல புழுக்கை அதில் சடசடவென்று விழும், எடுத்து நசுக்கினால் தூளாகும். விடியற்காலையில் அந்தச் சத்தம் கேட்கவில்லையென்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.