சமையல் சோடாவா, சலவை சோடாவா?

இரண்டும் வெள்ளைத் தூள், இரண்டும் காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான வகை. ஆனால் காரத்தன்மையில் நிறைய வித்தியாசம்.

சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், தண்ணீரில் கரைந்தால் பிஹெச் (அமில-கார அளவுகோல்; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 8.3 அளவில் நிற்கும். இட்லி மாவில் ஒரு சிட்டிகை போடலாம், பிரிட்ஜ் துடைக்கலாம். சலவை சோடா சோடியம் கார்பனேட். இதன் கரைசல் பிஹெச் 11ஐத் தாண்டும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு போல மாற்றிக் கழுவிவிடும். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் படியவைத்து, சோப்பு நன்றாக நுரைக்கவும் உதவும். ஆனால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அலுமினியப் பாத்திரத்தில் போட்டால் பாத்திரம் கறுத்து அரிக்கும். சமையலுக்கு வேண்டவே வேண்டாம்.

பிஹெச் வேறு, அமிலத்தைச் சமன்செய்யும் திறன் வேறு. 84 கிராம் சமையல் சோடா ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சமன்செய்தால், 106 கிராம் நீரற்ற சலவை சோடா இரண்டு மோலைச் சமன்செய்யும். எடைக்கு எடை பார்த்தால் சுமார் 1.6 மடங்கு. கடையில் கிடைப்பது பளபளக்கும் படிகமாக இருந்தால் கணக்கு தலைகீழ்: அதன் எடையில் 63 சதவீதம் தண்ணீர்தான்!

சரி, எதை வாங்குவது? வீட்டுக்கு ஒன்றுதான் என்றால் சமையல் சோடா போதும். அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேனில் பிசுக்கு ஏறியிருந்தால் மட்டும் சலவை சோடா. அது கையில் இல்லாவிட்டால் சமையல் சோடாவைத் தட்டில் பரப்பி 200 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வையுங்கள். கார்பன் டைஆக்சைடும் நீராவியும் வெளியேறி, மிஞ்சுவது சலவை சோடாதான்.