கரண்ட் போனால் ஊமையாகிற மேசை ரேடியோ

எங்கள் வீட்டு மேசை ரேடியோவின் சத்தத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வரப்போவதில் நிறையத் திட்டு இருக்கிறது. கம்பனிப் பெயரைப் போடவில்லை. இதே குணமுள்ள பெட்டிகளை வேறு பெயர்களிலும் பார்த்திருக்கிறேன். மரப்பெட்டி, முன்னால் ஒரே ஒரு மூன்று அங்குல ஸ்பீக்கர், எண் காட்டும் சின்னத் திரை, ஒரு திருகு, சில பொத்தான்கள். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும். பெட்டரி போட இடம் கிடையாது. மிச்ச விவரமெல்லாம் கடைக்காரரே சொல்லுவார்.

திட்டு இதுதான். கரண்ட் போய் வந்தால் இந்தப் பெட்டி தானாக எழும்பாது. பொத்தானை அழுத்தி எழுப்பினால் 87.5-இல் போய் நின்று இரைகிறது. சேமித்து வைத்த நிலையம் ஒன்றும் இருக்காது. மணிக்கூடு பன்னிரண்டு என்று காட்டிக் கண்சிமிட்டும். கொழும்பில் மாடி வீட்டில் இருப்பவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. மலைநாட்டில் டிக்கோயாப் பக்கம் இருந்து பாருங்கள். மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் சவுக்கு மரக்கிளை கம்பியில் விழாத கிழமை குறைவு. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி மின்னல். அப்போது கரண்ட் போகாவிட்டாலும் நாமே ஓடிப்போய் பிளக்கைக் கழற்றுகிறோம். கழற்றாவிட்டால் பெட்டி கருகும், கழற்றினால் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

அவதிப்படுகிறவர் அம்மா. கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போகிற அவசரம் இப்போது இல்லை, ஆனாலும் விடிவதற்கு முன்னமே எழும்பிவிடுவார். தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டியதும் ரேடியோவில் பக்திப் பாட்டு கேட்க வேண்டும். பழைய டிரான்சிஸ்டரில் திருகைத் திருகினால் ‘டக்’ என்று சத்தம் கேட்கும், உடனே பாட்டு வரும். நேற்று முள் எங்கே நின்றதோ இன்றும் அங்கேதான் நிற்கும். அந்த முள்ளுக்கு ஞாபகம் வைக்கக் கரண்ட் தேவைப்படவில்லை. புதுப் பெட்டியிலோ பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் வேறொன்று. கண்ணாடி போடாமல், இருட்டில், அது நடக்கிற காரியமில்லை. “தம்பி, இது மறுபடியும் இரையுது” என்ற குரலில்தான் எனக்கு விடிகிறது.

போன மாதம் இதை டவுனுக்குக் கொண்டுபோனேன். காரணம் வேறு. சத்தத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் கரகரவென்று ஒரு உராய்வு. மூடுபனியும் ஈரமும் இருக்கிற ஊரில் இது எந்த ரேடியோவுக்கும் வரும். திருகுக்குப் பின்னால் உள்ள கரித்தடத்தில் அழுக்கும் ஈரமும் படிந்தால் இப்படித்தான் கத்தும். ஸ்ப்ரே அடித்து நாலு முறை திருகினால் சரி. திருத்துகிறவர் அதை முடித்தபிறகு ஞாபகமறதியைப் பற்றிக் கேட்டேன். பெட்டியைத் திறந்து ஒரு சட்டைப் பொத்தான் அளவு கெப்பாசிட்டரைக் காட்டினார். 5.5 வோல்ட் என்று மேலே போட்டிருந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் ஞாபகத்தைத் தாங்கிப் பிடிக்கிற வேலை அதனுடையது. அது பலவீனமாகிப் போயிருந்தது, புதிது போட்டுத் தந்தார். அதிகம் வாங்கவும் இல்லை. இப்போது கரண்ட் சட்டென்று போய் வந்தால் நிலையங்கள் அப்படியே இருக்கின்றன. மணிக்கணக்கில் போனால் பழைய கதைதான். அழிந்துபோகாத நினைவகச் சில்லு ஒன்றைப் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது, அதன் விலையும் பெரிதில்லை. இவ்வளவு நல்ல பெட்டியைச் செய்தவர்கள் அதில்தான் சேமித்திருக்கிறார்கள்.

சரி, நியாயத்துக்கு வருகிறேன். சின்ன மேசை ரேடியோவில் நல்ல சத்தம் என்பது சும்மா விளம்பரப் பேச்சில்லை. அமெரிக்காவில் ஹென்றி க்ளோஸ் என்ற பொறியியலாளர் 1960-இலேயே கேஎல்எச் மாடல் எட்டு என்று ஒரு மேசை எப்.எம். ரேடியோவைச் செய்தார். 2000-இல் டிவோலி மாடல் ஒன் வந்தது. அதிலும் ஒரே ஸ்பீக்கர்தான். ஸ்பீக்கர் எத்தனை என்பதை விட, பெட்டி இறுக்கமாக இருப்பதும், உள்ளே இருக்கும் காற்றின் அளவும் ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று பொருந்துவதும்தான் முக்கியம். எங்கள் பெட்டியும் அந்த வழியில் வந்ததுதான். ஒரே ஸ்பீக்கர் என்பதால் இது மோனோப் பெட்டி. மலைநாட்டுக்கு அதில் இன்னொரு நன்மையும் உண்டு. எப்.எம்.மை ஸ்டீரியோவில், அதாவது இடம் வலம் என்று இரண்டாகப் பிரித்து, சுத்தமாகக் கேட்க, மோனோவை விடப் பல மடங்கு பலமான சிக்னல் வேண்டும். சிக்னல் இளைத்த இடத்தில் ஸ்டீரியோ பெட்டி சீறும். அதே இடத்தில் மோனோ பெட்டி அமைதியாகப் பேசும்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் பேச்சுக் குரலில் இருந்தது. பாட்டு எந்தப் பெட்டியிலும் ஓரளவு நன்றாகத்தான் இருக்கும், காது மன்னித்துவிடும். செய்தியும் மரண அறிவித்தலும் அப்படி இல்லை. மரண அறிவித்தலில் ஆளின் பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த தோட்டம், பிள்ளைகள், மருமக்கள், கிரியை எத்தனை மணிக்கு என்று எல்லாம் ஒரே மூச்சில் வந்து போய்விடும். ஒரு பெயர் தவறினால் திரும்பக் கேட்க முடியாது. பழைய பெட்டியில் அந்த நேரத்தில் அம்மா காதை ஸ்பீக்கரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பார். இப்போது குசினியில் இருந்துகொண்டே, “அது நம்ம மஸ்கெலியா அத்தை வீட்டுப் பக்கத்து ஆளு” என்று சொல்கிறார். சத்தத்தைக் கூட்டாமலே கேட்கிறது. பக்கத்துக் காம்பராவிலிருந்து யாரும் சுவரைத் தட்டுவதில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இது பெரிய விஷயம்.

ஆனால் வைக்கிற இடம் பிடிபட நாளெடுத்தது. சுவர் மூலையில் தள்ளி வைத்தால் அடிக்குரல் உப்பி, செய்தி வாசிப்பவர் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல் ஆகிவிடுகிறது. சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்ததும் குரல் தெளிந்தது. அடுத்தது ‘ஸ’, ‘ச’ எல்லாம் கிழிந்து தெறிப்பது. அதற்குப் பெட்டி பொறுப்பில்லை, மலைதான் பொறுப்பு. பிதுருதலாகல நாட்டிலேயே உயரமான மலை, 2,524 மீட்டர், உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. இருந்தும் எங்கள் லயத்துக்கும் அதற்கும் நடுவே முகடுகள் கிடக்கின்றன. எப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். நேராக வர வழியில்லாதபோது ஒரு சரிவில் பட்டு ஒன்று, இன்னொரு சரிவில் பட்டுக் கொஞ்சம் பிந்தி இன்னொன்று என்று வந்து சேரும். இரண்டும் மோதும் இடத்தில் குரல் கிழியும். எப்.எம். அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதனால் ஏரியலை ஒரு முழம் நகர்த்தினாலே கிழிந்த குரல் சில நேரம் ஒட்டிக்கொள்ளும். போதாததற்குத் தலைக்கு மேலே தகரக் கூரை. நான் 75 சென்டிமீட்டர் வயரை ஏரியல் துளையில் செருகி, யன்னல் சட்டத்தில் நிமிர்த்தி ஆணி அடித்துவிட்டேன். கால் அலைநீளம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் செய்தி தெளிவாகக் கேட்கிறது.

மத்திய அலை பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. வீட்டில் எல்.ஈ.டி. பல்ப் எரிந்தால் உறுமுகிறது, அணைத்தால் கேட்கிறது.

இவ்வளவு நல்ல பெட்டியில் பெட்டரிக்கு இடம் வைக்காததுதான் மனதை ஆறவிடவில்லை. 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாடு இது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருட்டானதையும் பார்த்தோம். அதெல்லாம் கோபமும் சிரிப்புமாகப் போயிற்று. அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது சிரிக்க முடியவில்லை. மண் சரிந்து வழிகள் அடைபட்டு, கரண்டும் போய், போனும் எடுபடாமல் கிடந்த நேரத்தில், எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே ஆட்களை இறக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ரேடியோ ஒன்றுதான் இருந்தது. அப்போது இந்த அழகான மரப்பெட்டி மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தது. பரணில் கிடந்த பழைய டிரான்சிஸ்டரைத் தேடி எடுத்து, டோர்ச்சிலிருந்து பெட்டரியைக் கழற்றிப் போட்டுக் கேட்டோம். இலங்கை வானொலிக்கு அந்த டிசம்பர் 16-ஆம் திகதி நூறு வயது. நூறு வருடமாக ரேடியோ கேட்கிற நாட்டு ஆட்களுக்கு ரேடியோ எந்த நாளில் தேவைப்படும் என்று, அதைச் செய்து விற்கிறவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கரண்ட் வெட்டுக் காலத்தில் இணைய ரவுட்டருக்கென்று மினி யூ.பி.எஸ். என்ற சின்னப் பெட்டரிப் பெட்டி வாங்கினோமே, அதிலும் 12 வோல்ட் வெளியீடு இருக்கும். ரேடியோ அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட்டும் அம்பியரும் பொருந்துகிறதா, முனையின் நடுப்பக்கம் பிளஸ்தானா என்று பார்த்துச் செருகினால் இந்தப் பெட்டி கரண்ட் போனதே தெரியாமல் பாடிக்கொண்டிருக்கும். எதையும் மறக்காது. மத்திய அலையில் மட்டும் யூ.பி.எஸ்.ஸின் ஊளை கலக்கும், எப்.எம்.மில் இல்லை. ஆனால் ஒரு ரேடியோவைக் கேட்க இன்னொரு சாமானுக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த யூ.பி.எஸ்.ஸும் இப்போது ரவுட்டரில்தான் இருக்கிறது. மகள் இரவில் ஆன்லைன் வகுப்பு பார்ப்பாள். யாருக்குக் கொடுப்பது என்று வீட்டில் தினமும் ஒரு வழக்கு.

இதையெல்லாம் எழுத வைத்தவர் பண்டாரவளையில் இருக்கும் பெரியம்மா மகள். கண்டியில் ஒரு கடையில் இதே பெட்டிக்கு விலை குறைத்திருக்கிறார்களாம், வாங்கவா என்று கேட்டிருந்தார். கூடவே இரண்டு மாற்று யோசனையும் அனுப்பியிருந்தார். ஒன்று ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான் கடையில் ஒரு ரேடியோ. பார்க்க அழகு, சத்தமும் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் ஜப்பானில் எப்.எம். அலைவரிசை 76-இல் தொடங்குகிறது, பழைய பெட்டிகள் 90-உடன் நின்றுவிடும். நம் நிலையங்கள் 88 முதல் 108 வரை பரந்து கிடக்கின்றன. முக்கால்வாசி அகப்படாது. அதோடு அது 100 வோல்ட் சாமான், நம்முடைய 230-இல் நேராகச் செருகினால் புகைதான். இரண்டாவது, லண்டனிலிருந்து மருமகன் கொண்டுவரத் தயாராயிருக்கும் டிஜிட்டல் டாப் ரேடியோ. டாப் என்பது எப்.எம். இல்லாத வேறொரு ஒலிபரப்பு முறை, அது இங்கே இல்லாததால் அந்தப் பகுதி சும்மா கிடக்கும், அதன் எப்.எம்.முக்காக மட்டும் அவ்வளவு காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆக, கேட்ட மூன்றிலும் எங்கள் பெட்டிதான் நல்லது. குரலுக்கு இந்த விலையில் இதை மிஞ்சிய ஒன்றை நான் கேட்டதில்லை. ஆனாலும் “வேண்டாம் அக்கா” என்றுதான் பதில் அனுப்பியிருக்கிறேன். இன்று காலையிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது, அம்மா என்னைக் கூப்பிடுவதும் நிற்கவில்லை. நேற்று இரவு, கரண்ட் இருந்து, செய்தி தெளிவாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா கேட்டிருந்தால், உடனே வாங்குங்க, யூ.பி.எஸ். காசை நான் தாரேன் என்று சொல்லியிருப்பேன்.