பேட்டரி போட்ட பரம்பரைச் சொத்து

பாம்பன் புதுப் பாலம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: 2025இல் திறந்தது, ரயில் ஒழுங்காகப் போகிறது, அவ்வளவுதான். என் ஆற்றாமையெல்லாம் ஒரு கடிகாரத்தின் மேல்.

மண்டபம் ஊரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கும் யுங்ஹன்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனியின் சாவிக் கடிகாரம், தாத்தா கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலில் மடியை விட்டு இறக்காமல் வந்தாராம். 1964 புயலுக்கு முந்திய கதை.

இம்முறை சிங்கப்பூரிலிருந்து போனால் ஊசல் ஆடுகிறது, சத்தமில்லை. கதவைத் திறந்தேன். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி! "நின்றுபோயிருந்ததப்பா. ராமநாதபுரத்தில் கொடுத்துப் புது மிஷின் போட்டுவிட்டேன். இனிச் சாவி கொடுக்கும் தொல்லையே இல்லை" என்றார் சித்தப்பா, பெருமையாக. அந்த ஊசல் நேரத்தைக் காட்டுவதற்காக ஆடவில்லை. நமக்குக் காட்டுவதற்காக ஆடுகிறது. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரம் பார்த்துக்கொள்கிறது. முகப்பில் சாவித் துளைகள் இரண்டும் வெறுமனே விழித்துக்கொண்டிருந்தன.

சிங்கப்பூரில் செருப்பைத் தைக்கக் கொடுத்தாலும் என்ன மாற்றப்போகிறோம் என்று முதலில் கேட்பார்கள். இங்கே உயிரையே எடுத்துவிட்டுச் சட்டத்தைத் துடைத்துத் தந்திருக்கிறார்கள். ராமநாதபுரம் கடைக்காரரிடம் போய்ப் பழைய மிஷினைக் கேட்டேன். "அதையா? பித்தளை விலைக்குப் போட வைத்திருக்கிறேன்" என்று மேசைக்கடியிலிருந்து ஒரு தகர டப்பாவை இழுத்தார். பின்தகட்டில் யுங்ஹன்ஸ் முத்திரையான நட்சத்திரமும் அதற்குள் 'ஜே' எழுத்தும் அப்படியே இருந்தன. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், நின்றிருந்தால் வாய் நீண்டிருக்கும்.

கீழக்கரையில் ஒரு பெரியவர் இன்னும் சாவிக் கடிகாரம் பார்க்கிறார் என்று மீன் வாங்கிய இடத்தில் சொன்னார்கள். போர்டு இல்லை, முன்பதிவு இல்லை, ரசீதும் இல்லை. மிஷினைக் கையில் வாங்கியதுமே, "தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள்" என்றார். பிசினாய் இறுகியிருந்தது. உப்புக் காற்றில் எஃகு அச்சுகள் துருப்பிடித்து, பித்தளைத் துளைகளைத் தேய்த்து நீள்வட்டமாக்கிவிட்டனவாம். சக்கரங்கள் சாய்ந்து பல்லோடு பல் சிக்கியதுதான் நின்றதற்குக் காரணம். இரண்டு ஸ்பிரிங்குகளையும் முதலில் பக்குவமாகத் தளர்த்தினார். முறுக்கோடு பிரித்தால் விரல் போய்விடும். பிறகு பெட்ரோலில் கழுவி, அச்சுகளை மெருகேற்றி, துளைகளுக்குப் புது புஷ் (சிறு உலோக வளையம்) அடித்து, ஊசல் தொங்கும் மெல்லிய தகட்டை மாற்றினார்.

மணியடிக்கும் சக்கரத்தைச் சுட்டிக் காட்டினார். அதன் விளிம்பில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணிக்கைக்கேற்ப இடைவெளி விட்டுப் பள்ளங்கள். அரை மணிக்கு ஒன்றையும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் 90 அடி. அது முள்ளைப் பார்ப்பதில்லை, தன் வரிசையை மட்டுமே பார்க்கும். நம் வீடுகளில் மூன்று மணிக்கு ஐந்தடித்த மர்மம் எனக்கு இப்போதுதான் விளங்கியது!

கேட்ட கூலி சிங்கப்பூரில் ஒரு குடும்பத்தின் இரவுச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. அங்கே நான் விசாரித்த கடையில் கடிகாரத்தைத் திறந்து பார்க்கவே அதைவிட அதிகம் கேட்டிருந்தார்கள்.

இப்போது ராத்திரியெல்லாம் மணியடிக்கிறது என்று சித்திக்குக் குறை. இடப்பக்கத் துளைக்குச் சாவி கொடுக்காவிட்டால் அடிக்காது, நேரம் மட்டும் ஓடும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பேட்டரி மிஷினை ராமநாதபுரம் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனால், பணம் தர முடியாதாம். பழைய கடிகாரம் வேறு ஏதாவது வீட்டில் இருந்தால் கொண்டுவரச் சொன்னார், இலவசமாகப் பொருத்தித் தருவாராம்.