கயிற்றில் ஏறி மரம் கழிக்கும் கிளிநொச்சிக் குழு: ஒரு மதிப்பீடு

வன்னியில் மரம் தறிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. சங்கிலி வாளும் கோடாரியும் நீளக் கயிறும் உடைய ஒருவரை மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ அரை நாளில் தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் வீட்டின்மேல் சாய்ந்து நிற்கும் மரத்தை வீழ்த்தாமல், அதன் பாரத்தை மட்டும் குறைத்து, ஓடும் மதிலும் கிணற்றுக்கட்டும் சேதமாகாமல் கொப்புகளை இறக்கித் தருவதற்கு ஆள் கிடைப்பது அரிது. அந்த வேலையைக் கயிறும் ஏறு பட்டியும் கொண்டு செய்கின்ற சிறு குழு ஒன்று கிளிநொச்சிப் பகுதியில் இயங்குகிறது. வட்டக்கச்சியில் உள்ள எமது வளவில் ஓட்டுக்கூரையின்மேல் படர்ந்து நின்ற பழைய வேம்பையும் வேலிக்கரையில் நிற்கும் பாலையையும் அவர்களிடம் ஒப்படைத்தோம். குறைகளையும் எழுதவிருப்பதால் குழுவின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது, அவர்கள் வாளை எடுக்குமுன் செலவிட்ட நேரத்தையே. தலைவர் மரத்தைச் சுற்றி வந்து, வேரடியில் மண் வெடித்திருக்கிறதா, காளான் முளைத்திருக்கிறதா என்று பார்த்தார். அடிமரத்தை மரச் சுத்தியலால் தட்டி, ஓசை எங்கே பொள்ளலாக மாறுகிறது என்று கேட்டார். கொப்புகள் பிரியும் கவரில் பட்டை உள்மடிந்து பிளவு ஓடியிருக்கிறதா என்று தொலைநோக்கியால் ஆராய்ந்தார். முசுறு எறும்புக் கூடுகளும் குளவிக் கூடுகளும் எங்கே தொங்குகின்றன என்பதையும் குறித்துக்கொண்டார், ஏனெனில் இருபது அடி உயரத்தில் இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது குளவி கிளம்பினால் ஏறியவருக்கு ஓடுவதற்கு இடமில்லை. வீட்டுக்கு வரும் மின்கம்பியை ஒரு கொப்பு தொட்டுக்கொண்டிருந்தது. மின்சார சபையினர் வந்து இணைப்பைத் துண்டிக்கும்வரை அந்தப் பக்கம் ஏறமாட்டோம் என்று அவர் சொன்னதால் வேலை பிந்தியது. அயலவர் சிலருக்கு அது எரிச்சலாக இருந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான்.

ஏறும் முறை, நாம் பனையில் காண்பதற்கு முற்றிலும் வேறானது. கொப்பில்லாத நேர்மரமாகிய பனையில் சீவல் தொழிலாளி தளைநாரில் பாதத்தைக் கோத்து, மரத்தை மார்போடு அணைத்து ஏறுகிறார். பிடி தவறினால் தாங்குவதற்கு இன்னொன்று இல்லை. இவர்களோ தரையில் நின்றபடியே மெல்லிய நூற்கயிற்றின் நுனியில் கட்டிய சிறு மணற்பையை உயரத்துக் கவரினூடாக எறிந்து, அந்த நூலைக் கொண்டு ஏறு கயிற்றை மேலே இழுத்தார்கள். கயிறு ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் தடிப்பானது. அது பட்டையை அறுக்காமலும் தானும் தேயாமலும் இருப்பதற்காக இரு வளையங்கள் கொண்ட பட்டியொன்றைக் கவரில் அமர்த்தினார்கள். ஏறுமுன் இருவர் ஒன்றாகத் தொங்கிக் கவரைச் சோதித்தார்கள்.

மடித்த கயிற்றில் ஏறும் இம்முறையில், கயிற்றின் ஒரு தலை இடுப்பையும் தொடையையும் தாங்கும் பட்டியில் கட்டப்பட, மறு தலையில் உராய்வு முடிச்சு நகர்கிறது. முடிச்சில் பாரம் விழும்போது அது கயிற்றை இறுகப் பற்றும். பாரத்தைத் தளர்த்தி மேலே தள்ளினால் வழுக்கிச் செல்லும். இவ்வகை முடிச்சுகளுள் பெயர்பெற்றது, ஒஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931இல் அறிமுகப்படுத்திய முடிச்சு. நமது குழுவினர், மரமேறிகள் பின்னர் கைக்கொண்ட பிளேக் முடிச்சைப் போட்டார்கள். ஒரு மீற்றர் உயர்வதற்கு இரண்டு மீற்றர் கயிற்றை இழுக்க வேண்டியிருப்பதால் ஏற்றம் மெதுவானது. ஆனால் மேலே போனபின், கயிற்றின் பிடியிலேயே கொப்பின் நுனிவரை நடந்து சென்று திரும்ப முடிகிறது. வெட்டும் இடத்தை அடைந்ததும் இடுப்பிலிருந்து இரண்டாவது கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொழுவிய பின்னரே வாளை இயக்கினார்கள். அந்தக் கயிற்றினுள் உருக்குக் கம்பி ஓடுகிறது. வாள் தவறி ஒரு கயிற்றை அறுத்தாலும் மற்றது தாங்க வேண்டும் என்பதே இதன் நியாயம். காலில் முள் இரும்பு அணிந்து ஏறவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். உயிரோடு விடப்போகும் மரத்தில் அந்த முள் குத்தும் ஒவ்வொரு இடமும் பட்டைக்குக் கீழுள்ள உயிர்ப்படலத்தில் ஒரு காயமாகும். முழுதாகத் தறிக்கப்போகும் மரத்துக்கே அது பொருந்தும்.

நான் வியந்து நின்றது கொப்பை இறக்கிய விதத்தைப் பார்த்துத்தான். கூரைக்கு மேலிருந்த பெருங்கொப்பை வெட்டுமுன் அதைக் கயிற்றில் கட்டி, அக்கயிற்றை மேலே உள்ள கப்பியினூடாக எடுத்து, அடிமரத்தில் பிணைத்த இரும்பு உருளையில் சில சுற்றுச் சுற்றி, கீழே நின்றவரின் கையில் கொடுத்தார்கள். உருளையில் ஒரு சுற்றுக் கூடினாலே உராய்வு பலமடங்காகும். அதனால்தான் மெலிந்த ஓர் இளைஞர் தன்னைவிடப் பன்மடங்கு பாரமான கொப்பை ஒரு கையால் நிறுத்த முடிந்தது. ஆனால் பிடித்து நிறுத்துவது இந்த வேலையின் பாதிதான். விழும் கொப்பைச் சட்டென்று நிறுத்தினால், அதன் எடையைப்போல் சில மடங்கு இழுவிசை கயிற்றிலும் கப்பியிலும், எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறியவர் நிற்கும் அதே அடிமரத்திலும் விழுகிறது. மரம் உதறி, மேலே நிற்பவர் வீசுண்டுபோகலாம். ஆகவே கீழே நிற்பவர் கயிற்றைச் சற்று ஓடவிட்டு, வேகத்தைத் தின்னவிட்டு, மெல்ல நிறுத்த வேண்டும். “கீழை நிக்கிற பெடியன் பிழைவிட்டால் நான் மேலை ஏறி வேலையில்லை, ஐயா” என்று தலைவர் சொன்னதன் பொருள், கொப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணற்றுக்கும் மதிலுக்கும் இடையிலிருந்த ஒடுங்கிய இடத்தில் வந்து அமர்ந்தபோது விளங்கியது. ஓர் ஓடும் உடையவில்லை.

வெட்டும் முறையிலும் குறை சொல்ல இடமில்லை. பாரமான கொப்பை ஒரே வெட்டில் அறுத்தால் அது முறியும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். எனவே முதலில் கீழிருந்து ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இன்னொரு வெட்டு, பாரம் இறங்கியபின் எஞ்சிய முண்டை அகற்றும் மூன்றாவது வெட்டு என்று போனார்கள். மூன்றாவது வெட்டு, கொப்பு அடிமரத்தோடு சேரும் இடத்திலுள்ள தடித்த வளையத்துக்கு வெளியே விழுந்திருந்தது. மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பி அழுகலை அடைத்துவைக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ விளக்கினார். அந்தச் சுவர் எழுவதற்கு இவ்வளையம் சேதமின்றி இருக்க வேண்டும். நம் ஊர்களில் வழக்கமான ‘மொட்டையடித்தல்’ இதற்கு நேர்மாறானது. உச்சியை இழந்த மரம் பலவீனமான தளிர்களைக் கொத்தாக விட்டு, சில ஆண்டுகளில் முன்னிலும் ஆபத்தானதாகிறது. மொட்டையடிக்கச் சொன்ன எமது உறவினரிடம் குழுவினர் மறுத்துப் பேசினார்கள்.

அவ்வளவு அறிந்தவர்கள், கடைசியில் வெட்டுமுகங்களில் கழிவு எண்ணெயைப் பூசியதுதான் புதிர். பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்று அதே ஷைகோவின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாடிக்கையாளர் எதிர்பார்க்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். என்னிடம் முன்கூட்டியே கேட்டிருக்கலாம்.

பாலையின் கதை வேறு. போர்க்காலத்தில் உச்சி சிதைந்த அந்த மரத்தின் உள்ளே என்ன புதைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எறிகணைச் சிதறலும் சன்னமும் ஏறிய மரங்களை வன்னியில் மரக்காலைக்காரர் தயங்கித்தான் வாங்குகிறார்கள். வாள் பல்லில் இரும்பு பட்டால் பல் போகும், அறுந்த சங்கிலி இயக்குபவரை நோக்கிச் சுழன்று வரவும் கூடும். குழுவினர் கையடக்க உலோகம் காட்டும் கருவியால் வெட்டும் இடங்களைத் தடவிப் பார்த்து, கருவி ஒலித்த இடங்களைச் சுண்ணாம்பால் குறித்து, அங்கே கைவாளையே பயன்படுத்தினார்கள். அறுத்த முகத்தில் கருநீலக் கறை தெரிந்தபோதெல்லாம் நிறுத்தி மீண்டும் சோதித்தார்கள். வைரம் பாய்ந்த பாலையைக் கையால் அறுப்பது எத்தகைய தண்டனை என்பது அதை அறுத்தவருக்கே தெரியும். பட்ட உச்சியை மட்டும் அகற்றிவிட்டு மரத்தை நிற்கவிட்டார்கள்.

குறைகள் பெரும்பாலும் தரையில்தான். மேலே ஏறியவர்கள் தலைக்கவசமும் கண்ணாடியும் அணிந்திருக்க, கீழே குழை இழுத்தவர்களில் ஒருவர் வெறுந்தலையோடும் செருப்போடும் நின்றார். சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் நாரிழைக் காற்சட்டை ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. வன்னி வெயிலில் அதை அணிந்து வேலை செய்வது கொடுமைதான். அதற்காகத்தான் அவர்கள் விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் நிறுத்துகிறார்கள் என்றால், எல்லோரும் அணியலாமே. குழைகளை அகற்றுவது கூலியில் அடங்காது என்பதும் இறுதியில்தான் தெரிந்தது; உழவு இயந்திரப் பெட்டிக்கு நாம் தனியாகக் கொடுக்க நேர்ந்தது.

கூலி, சாதாரணமாகத் தறிப்பவர் கேட்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். திறந்த வெளியில் நிற்கும், விழ இடமுள்ள மரத்துக்கு இவர்களை அழைப்பது வீண்செலவு. கூரை, கிணறு, கம்பி, கோயில் மதில் ஆகியவற்றின்மேல் படர்ந்த மரத்துக்கு, உடையக்கூடிய ஓட்டின் விலையையும் கணக்கில் எடுத்தால், கூலி நியாயமானது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும். அதை அவர்கள் பெற்றுத் தருவதில்லை, பிரதேச செயலகத்துக்கு நாமே போக வேண்டும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் இப்பக்கமாகக் கடந்ததிலிருந்து மாரிக்கு முன் எல்லோரும் ஒரே நேரத்தில் இவர்களைத் தேடுகிறார்கள். ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டுமானால் ஆடியிலேயே சொல்லிவைப்பது நல்லது. ஆனால் சோளகம் எனும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் அவர்கள் ஏறமாட்டார்கள் என்பதால், திகதி தள்ளிப்போவதற்கும் இடம்விட்டுத் திட்டமிட வேண்டும்.