பைஸ்டேண்டர் வொர்க்‌ஷாப், 400 ரூபா - 3.5/5

எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குரூப்ல லிங்க் வந்துச்சு, பொண்ணுங்கள யாராச்சும் தொந்தரவு பண்ணா பக்கத்துல நிக்கறவங்க என்ன பண்ணலாம்னு 2 மணி நேர கிளாஸ். யார் நடத்துனாங்கன்னு போடல, குறையும் சொல்லப் போறேன்ல.

சொல்லிக் குடுத்தது ரைட் டு பிங்கற அமைப்போட (அதுக்கு முன்னாடி ஹாலாபேக்னு பேரு) 5 டி முறை, அதாவது இங்கிலீஷ்ல 'டி'ல ஆரம்பிக்கற அஞ்சு வழி. சம்பந்தமே இல்லாம பேச்சு குடுத்து திசை திருப்பறது, கண்டக்டர் மாதிரி ஆளக் கூப்புடறது, வீடியோ எடுக்கறது, எல்லாம் முடிஞ்சப்பறம் அந்தப் பொண்ணுகிட்ட போயி ஒண்ணும் ஆகலையேன்னு கேக்கறது, நேராவே தள்ளி நில்லுய்யாங்கறது. நான் இத்தன நாளா தட்டிக் கேக்கறதுன்னா சட்டைய புடிக்கறதுன்னே நெனச்சு பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கற ஆளு, அதனால எனக்கு இது பெரிய விஷயம். வீடியோ எடுத்தா அந்தப் பொண்ணுகிட்ட குடுக்கணுமாம், நாமளா ஸ்டேட்டஸ்ல போடக்கூடாதாம், இதக் கேட்டு பாதிப் பேரு முழிச்சாங்க. 2008ல வந்த பெல் பஜாவோ விளம்பரமும் போட்டாங்க, பக்கத்து வீட்ல அடி விழற சத்தம், ஒருத்தர் போயி காலிங்பெல் அடிக்கறாரு, அவ்ளோதான், சத்தம் நின்னுருது.

குறைன்னா, உதாரணம் பூராம் வெளிநாட்டு மெட்ரோ ரயிலு. நம்மூரு டவுன்பஸ் பத்தி ஒரு ஸ்லைடு இல்ல! பஸ்ல தொந்தரவுன்னு அந்தப் பொண்ணு புகார் சொன்னா வண்டிய பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு விடணும்னு 1998லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு, 2012ல நம்மூரு கேஸ் ஒண்ணுல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லி, பாத்துட்டு நிக்கறவங்களும் ஸ்டேஷனுக்கோ ஹெல்ப்லைனுக்கோ தகவல் சொல்லணும்னு சேத்துச்சு. இதக் கேட்டா ட்ரெய்னர் "அது லீகல் செஷன் மேடம், தனி"ங்கறாரு. அதுக்கு தனியா ஒரு 400ஆ? பொண்ணுங்களுக்கான ஹெல்ப்லைன் 181 நம்பர் கூட நாந்தான் எந்திரிச்சு சொன்னேன். சமோசா வேற ஆறிப்போச்சு.

ஆனா காசு வீண்னு சொல்ல மாட்டேன். செவ்வாக்கெழம காந்திபுரம் பஸ்ல ஒரு காலேஜ் புள்ள மேல ஒருத்தன் பிரேக் போடாதப்பவும் சாயறான், அது பேக்க நெஞ்சோட அணைச்சுட்டு கம்பியோட ஒட்டி நிக்குது. எனக்கு கை நடுங்குது, இருந்தாலும் சத்தமா "ஏ கண்ணு, நீ செல்வி மக தான, அம்மா எப்டி இருக்குது, வா இங்க உக்காரு"ன்னுட்டேன். அது ஓடி வந்து உக்காந்துச்சு, அந்தாளு ஸ்டாப் வர்ற வரைக்கும் போனையே நோண்டிட்டு நின்னான்.

எறங்கறப்ப திரும்பிப் பாத்து மெதுவா சொல்லுச்சு, "எங்கம்மா பேரு செல்வி இல்லீங்கக்கா."