பட்டியலில் ஒரு வரி: தொடக்கநிலைப் பனிச்சறுக்கு வகுப்பு – ஒரு மதிப்புரை

வாழ்நாளுக்குள் செய்து முடிக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் எழுதி, அதை ஒவ்வொன்றாகக் கடந்து வருபவர்களுக்குப் பனிச்சறுக்கு ஒரு சிக்கலான வரி. மாரத்தானுக்கு முடிவுக்கோடு உண்டு. மலையேற்றத்துக்கு உச்சி உண்டு. பனிச்சறுக்குப் பயணத்தில் எந்த இடத்தில் நின்று 'முடிந்தது' என்று கோடு போடுவது என்பது அவ்வளவு தெளிவாக இல்லை. இந்தத் தெளிவின்மை இருப்பதால்தான் இரண்டு வேறுபட்ட சேவைகள் ஒரே பெயரில் விற்பனையாகின்றன. அரை நாளில் பலகைகளை மாட்டி, சமதளத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் சறுக்கவிட்டு, படம் எடுத்து அனுப்பிவிடும் 'அனுபவத் தொகுப்பு' ஒரு வகை. பனிச்சறுக்குப் பள்ளிகள் நடத்தும் பல நாள் தொடக்கநிலைக் குழு வகுப்பு மற்றொரு வகை. வாடகைக் கருவிகளும், கீழ்ச்சரிவுகளில் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுக்கான அனுமதிச்சீட்டும் அதன் கட்டணத்திலேயே அடங்கிவிடும். நான் சேர்ந்தது இரண்டாவதில். இங்கே மதிப்பிடுவதும் அதைத்தான்.

மதிப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அமெரிக்கச் சாகசப் பயணி ஜான் காடர்டு 1940இல், தம் 15ஆவது வயதில், 127 குறிக்கோள்களை எழுதி வைத்தவர்; இத்தகைய பட்டியல்களைப் பற்றிய பேச்சில் அவர் பெயர் வராமல் இருப்பது அரிது. நிலவுக்குச் செல்வது போன்ற கைகூடாத ஆசைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. எனக்குப் பிடித்தவையோ, 40 அடி ஆழம் மூழ்கி நீருக்கடியில் இரண்டரை நிமிடம் மூச்சடக்குவது என்பது போல அளவோடு எழுதப்பட்ட வரிகள். அளவு இருந்தால், செய்தோமா இல்லையா என்பதில் தனக்குத் தானே கதை சொல்லிக்கொள்ள இடம் இருக்காது. எனவே 'பனிச்சறுக்குப் பயணம்' என்ற வரியை, 'ஒரு நீலத் தடத்தின் மேலிருந்து கீழ்வரை, யாருடைய கையையும் பிடிக்காமல், நினைத்த இடத்தில் நிற்கக்கூடியவராக இறங்குவது' என்று விரித்து எழுதிக்கொண்டேன். ஐரோப்பாவின் பல நாடுகளில் தடங்களைப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று வகுக்கிறார்கள். அங்கே நீலம் எளிய தடம். வட அமெரிக்காவில் பச்சை வட்டம்தான் எளியது, நீலச் சதுரம் இடைநிலை. நான் குறிப்பது ஐரோப்பிய நீலத்தை. இந்த வேறுபாடு தெரியாமல் பிறருடைய பயணக் குறிப்பைப் படித்துத் தன் இலக்கை எழுதிக்கொள்பவர், தேவைக்கு மேல் கடினமான சரிவில் போய் நிற்க நேரிடும்.

சேவையின் பலவீனமான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன்: கருவிகளை வாடகைக்குத் தரும் கவுன்ட்டர். பனிச்சறுக்கில் பலகையைவிடப் பூட்ஸ்தான் முக்கியம் என்பதை ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆனால் பூட்ஸ் கொடுக்கிற இடத்தில் இருந்தவர், அன்றாடம் அணியும் காலணியின் எண்ணைக் கேட்டு, அதற்கும் ஒரு படி பெரியதாக ஒன்றை எடுத்து நீட்டினார். ஸ்கீ பூட்ஸின் அளவு பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வது. அதற்கு ஓர் அளவுத் தட்டில் பாதத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை. சரியான பூட்ஸில் நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்சுவரை இலேசாகத் தொடும். முழங்காலை மடக்கி முன்னால் சாயும்போது விரல் பின்வாங்கும், ஆனால் குதிகால் மேலே எழாது. கவுன்ட்டரில் கிடைத்த முதல் ஜோடியில் குதிகால் தாராளமாக எழுந்தது. தொளதொளப்பாக இருப்பது அந்த நேரத்துக்குச் சுகமாகத் தெரியும். பிறகு சரிவில் கால் உள்ளே ஆடுவதால் கொக்கிகளை இறுக்குவோம், இறுக்கினால் கெண்டைக்கால் வலிக்கும், அப்போதும் காலின் அசைவு பலகைக்குப் போய்ச் சேராது. பாதத்தை அளந்து பார்க்கும்படி கேட்ட பிறகுதான் அளந்தார்கள், மாற்றியும் கொடுத்தார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் கேட்கவில்லை; அவர்களில் சிலர் மறுநாள் காலை மாற்றிக்கொள்ள மீண்டும் அதே வரிசையில் நின்றார்கள். உள்ளே அணிய வேண்டியது முழங்கால்வரை நீளும் மெல்லிய காலுறை ஒன்றே ஒன்று என்பதையும் கவுன்ட்டரில் யாரும் சொல்லவில்லை. குளிருக்குப் பயந்து இரண்டு மூன்றாக அணிந்தவர்களுக்கு இரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சில்லிட்டதுதான் மிச்சம்.

அதே இடத்தில் பைண்டிங்கைச் சரிசெய்த விதத்தைப் பாராட்டியாக வேண்டும். பூட்ஸைப் பலகையோடு பிணைத்து, விழும்போது குறிப்பிட்ட விசைக்கு மேல் போனால் தானாக விடுவிக்கும் பொறி அது. எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிப்பகுதி நீளம், சறுக்கும் வகை (நிதானமாகவா, வேகமாகவா என்பது) ஆகியவற்றைக் கேட்டு எழுதி, எந்த விசையில் விடுவிக்க வேண்டும் என்பதற்கான எண்ணை அட்டவணையைப் பார்த்து வைத்தார்கள். வைத்த எண்ணை வாடிக்கையாளருக்குக் காட்டிக் கையொப்பமும் வாங்கினார்கள். எடையைக் குறைத்துச் சொல்வதும், திறமையைக் கூட்டிச் சொல்வதும் இந்தப் படிவத்தில் மட்டும் வேண்டாம். முன்காலத்தில் பனிச்சறுக்கில் அதிகம் கண்ட கீழ்க்கால் எலும்பு முறிவைக் குறைத்தது இந்தப் பொறிதான். முழங்கால் தசைநாரை அது அந்த அளவுக்குக் காப்பதில்லை என்பதையும் படிவத்தை நிரப்பிய தொழில்நுட்பர் மறைக்காமல் சொன்னார். தலைக்கவசம் தொகுப்பில் சேர்ந்தே வந்தது.

இனி வகுப்பு. பணத்துக்கு மதிப்பு இங்கேதான் இருக்கிறது. முதல் மணி நேரத்தில் ஒற்றைப் பலகையில் நடப்பது, பக்கவாட்டில் படிப்படியாக ஏறுவது, விழுந்தால் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி எழுவது ஆகியவை மட்டுமே. சிலருக்கு அலுப்புத் தட்டியது. ஆனால் விழுந்தவுடன் எழத் தெரியாதவர் ஒரு வகுப்பையே நிறுத்திவைப்பார் என்பதால், இந்த வரிசை சரியானது. அதன்பின் பலகைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை விரித்து வேகத்தைக் குறைக்கும் முறை. பெரும்பாலான பள்ளிகள் தொடங்குவது இங்கிருந்துதான்.

பயிற்றுநரின் தரம் தெரிந்தது திருப்பங்களில். தொடக்கநிலையில் எல்லோருக்கும் வரும் பழக்கம், சரிவைப் பார்த்துப் பயந்து உடம்பைப் பின்னால் சாய்ப்பது. சாய்ந்தவுடன் பலகையின் முன்பகுதியில் எடை இல்லாமல் போகிறது. திருப்ப முடியாத பலகை நேராகக் கீழே ஓடுகிறது. பயம் இன்னும் கூடுகிறது. 'முன்னால் சாயுங்கள்' என்று எத்தனை முறை கத்தினாலும் உடம்பு கேட்காது. எங்கள் பயிற்றுநர் கத்தவில்லை. தம் கையுறையைக் கழற்றி, ஒவ்வொருவருடைய கணைக்காலின் முன்பக்கத்துக்கும் பூட்ஸின் முன்நாக்குக்கும் நடுவில் செருகி, கீழே போய்ச் சேரும்வரை அது விழக்கூடாது என்றார். கையுறையை அழுத்திப் பிடிக்க வேண்டுமென்றால் கணுக்கால் மடங்கத்தான் வேண்டும். எடை தானாக முன்னால் வந்துவிடுகிறது. அடுத்து, இடப்பக்கம் திரும்ப வலக்காலிலும் வலப்பக்கம் திரும்ப இடக்காலிலும் எடையை ஏற்றுவது. இதையும் விளக்கவுரையாகச் சொல்லாமல், திருப்பத்தின்போது வெளிப்பக்க முழங்காலைக் கையால் தொடச் சொன்னார். தொடக் குனிந்தால் எடை அந்தக் காலுக்குப் போய்விடும். இத்தகைய சிறு உத்திகளுக்காகவே குழு வகுப்பை நான் பரிந்துரைப்பேன். நண்பர் ஒருவர் இலவசமாகச் சொல்லித்தருவதில் இது கிடைப்பது கடினம்.

கம்பிவடத்தில் தொங்கியபடி மேலே போகும் நாற்காலி லிஃப்டில் ஏறி இறங்கவும் தனியாக நேரம் ஒதுக்கினார்கள். இந்த வகை லிஃப்ட் 1936இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துச் சன் வேலியில் முதன்முதலில் இயங்கியது; யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன், கப்பலில் வாழைத்தார் ஏற்றும் இயந்திரத்தைப் பார்த்து வடிவமைத்தது. தார்களுக்கு இறங்கும் சிக்கல் இல்லை. மனிதர்களுக்கு உண்டு, பலகையின் முன்முனையை உயர்த்திவைத்து, எழுந்து, நேராகச் சறுக்கி உடனே வழிவிட வேண்டும்.

ஒழுங்கு விதிகளையும் விட்டுவிடவில்லை. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் நடத்தை விதிகள் பத்து. அவற்றில் தொடக்கநிலையாளருக்கு மிக ஆறுதல் தருவது மூன்றாவது: பின்னாலிருந்து வருபவரே, முன்னால் செல்பவருக்கு ஆபத்து நேராதபடி தன் வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அடிக்கடி திரும்பிப் பார்த்துத் தடுமாற வேண்டியதில்லை. பதிலுக்கு, குறுகிய இடத்திலும் மேலிருந்து பார்த்தால் தெரியாத மேட்டுக்குக் கீழும் நிற்கக்கூடாது என்பதை நாம் கடைப்பிடிக்க வேண்டும்.

குறைகள் உண்டு. குழுவைப் பிரித்தது வயதைப் பார்த்து. வேகத்தைப் பார்த்து அன்று. மிக விரைவாகக் கற்றவரும் மிகவும் அஞ்சியவரும் ஒரே குழுவில் கடைசிவரை இருந்தார்கள். இரண்டாம் நாள் காலையில் மறுபடி பிரித்திருந்தால் இருவருக்குமே நல்லது. வெயில் பற்றிய எச்சரிக்கை கையேட்டில் ஒரே ஒரு வரி. உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் புறஊதாக் கதிர்வீச்சு சுமார் 10 சதவீதம் மிகுகிறது. புதிய பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி வீசுகிறது. மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் தோல் கருகும் என்பதைக் கண்ணாடி பார்த்துத் தெரிந்துகொள்ள விடக்கூடாது. கடைசி நாளில் சான்றிதழும் படத்தொகுப்பும் தனிக் கட்டணத்துக்கு விற்றார்கள். வாங்காததில் எதையும் இழக்கவில்லை. நிற்கவே தெரியாதவருக்கும் அதே சான்றிதழ்தான்.

நேரத்தைப் பொறுத்து ஒரு குறிப்பு. இரவில் இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த பனி காலையில் சீராக இருக்கும். பருவத்தின் கடைசி வாரங்களில் பகலில் உருகிக் கூழாகி, இரவில் உறைந்து கெட்டியாகும். காலை, பிற்பகல் என்று வகுப்பைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், பருவத்தின் நடுப்பகுதியில் காலை வகுப்பையும், இறுதி வாரங்களில் முற்பகல் சற்று ஏறிய பிறகு தொடங்கும் வகுப்பையும் எடுக்கலாம். மருத்துவக் காப்பீட்டில் பனிச்சறுக்கும் சரிவிலிருந்து மீட்கும் செலவும் சேர்ந்திருக்கின்றனவா என்பதைப் பதிவுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பள்ளியின் கட்டணத்தில் அது இல்லை.

நான் எழுதிய அளவுகோலின்படி, இந்த வகுப்பு சொன்னதைச் செய்தது. வகுப்பு முடியும்போது நீலத் தடத்தில் இறங்கவும் நிற்கவும் முடிந்தது. வேகமாக அன்று, அழகாகவும் அன்று. பட்டியலில் ஒரு படம் மட்டும் வேண்டும் என்பவருக்கு அரை நாள் தொகுப்பே போதும், பணமும் மிஞ்சும். சிவப்புத் தடம், இன்னொரு மலை, நண்பர்களோடு ஒரு பயணம் என்று பட்டியலில் மேலும் வரிகள் வைத்திருப்பவர் நேரே பல நாள் வகுப்பில் சேரலாம். அடுத்த பருவத்தில் அடுத்த நிலைக்கு இதே பள்ளியில்தான் பதிவு செய்வேன். பூட்ஸை மட்டும், பாதம் அளந்து பொருத்துவதையே தொழிலாகக் கொண்ட கடையில், வகுப்புக்கு முந்தைய மாலையே எடுத்துக்கொள்வேன்.